பட்டாளத்து முன்னோரைத் தேடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாட்டியமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும் வேளையில் நெடிது பேசுவது முறையன்று. ஆயினும் எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள் சிறிதன்று. பட்டாளத்தில் பணியாற்றிய நம் முன்னோரை, அவர்தம் பணிப் பதிவுகளைக் கொண்டும் ஓய்வூதியத் தாள்களைக் கொண்டும் கண்டறிவது எவ்வாறு என்பதே அது. இதில் நாங்கள் வல்லுநர் அல்லோம். எங்கள் குடும்பத்தில் உடன்பிறந்தார் மூவர் கூடிச் சில ஆண்டுகள் தேடினோம், சிலவற்றைக் கண்டோம், சிலவற்றை என்றென்றைக்கும் இழந்தோம் என்பதையும் அறிந்தோம். அந்த அனுபவமே எங்கள் தகுதி.

தில்லியில் வாழும் நாம் கோடைக்கால மாலைகளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இந்தியா கேட்டுக்குச் செல்கிறோம். முன்பெல்லாம் புல்தரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். 1921-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931-இல் திறக்கப்பெற்ற அவ்வளைவில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் அருகிலேயே 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் வட்டம் வட்டமாகக் கல்லில் நிற்கின்றன. போரில் மாண்டவர்க்குக் கல் உண்டு, அது போற்றத்தக்கதே. ஆனால் போருக்குச் சென்று, உயிரோடு ஊர் திரும்பி, வயலிலும் ஆலையிலும் உழைத்து மறைந்த பல இலட்சம் பேருக்குக் கல் ஏது? அவர்களுக்கு உள்ளது காகிதம் ஒன்றே. அக்காகிதமும் எல்லார்க்கும் ஒருபடித்தாக நிலைப்பதில்லை என்பதுதான் இன்று நாங்கள் கூற வந்த செய்தி.

வீரனுக்குப் பதிவு செய்யும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துக் கூறுகின்றது. செங்கம் பகுதியிலும் தருமபுரிப் பகுதியிலும் கிடைத்துள்ள நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் எவருடைய சேவகன் என்பதும், எவ்வூர்ப் பூசலில் பட்டான் என்பதும் எழுதப்பட்டுள்ளன. இன்றைய பணித்தாளில் உள்ளவையும் பெரும்பாலும் இவையே அல்லவா? பட்ட வீரனின் குடும்பத்துக்கு நிலம் விடுவதும் பண்டைய வழக்கம். அந்நிலத்துக்கு ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் ‘உதிரப்பட்டி’ என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. குருதி சிந்தியவனின் குடும்பத்தைக் காப்பது அரசின் கடன் என்னும் கருத்து, ‘பென்ஷன்’ என்னும் சொல் நம் நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்க் கல்வெட்டில் இருந்தது.

பிற்காலத்துப் பட்டாள வரலாற்றையும் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். தேடுவோர்க்கு அது பயன்படும். மதராஸ் ரெஜிமெண்டு தன் தொடக்கத்தை 1758-ஆம் ஆண்டாகவும், மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படை 1780-ஆம் ஆண்டாகவும் கொள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தாரே போர்க்குணம் உடையவர் என்ற கொள்கை ஆங்கிலத் தளபதிகளிடையே ஓங்கிற்று. மதராஸ் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையின் பெரும் ஆதரவாளர். அதனால் தென்னாட்டுக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. ஆயினும் 1914-ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்கா துறையில் இறங்கிய படையில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆவது காலாட்படையும் இருந்தது. அப்போர் முடிந்தபின் 1920-களில் மதராஸ் காலாட்படைகள் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர் படை 1933-இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் வேண்டியிருந்தது. மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் கண்ணிவெடியின்மீது தன் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து, ஜார்ஜ் சிலுவை விருதை உயிர்நீத்தபின் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்த தமிழரே. போர்க்குணம் எவரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி எங்கள் குடும்பத்தின் கதைக்கு வருகிறோம். எங்கள் ஊர் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் வேலூரை அடுத்தது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குச் சென்றதால் ‘மிலிட்டரிப் பேட்டை’ என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை அவ்வட்டாரத்தில்தான் உள்ளது. எங்கள் பாட்டனார் 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தார், பர்மாவுக்குச் சென்றார், போர் முடிந்து படைகள் குறைக்கப்பட்டபோது 1946-இல் விடுவிக்கப்பட்டார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, 1948-இல் சேர்ந்தார். 18 ஆண்டுகள் பணியாற்றி 1966-இல் ஓய்வு பெற்றார். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிட்ட 15 ஆண்டுப் பணி வேண்டும். ஆகவே போரைக் கண்ட அண்ணனுக்கு ஓய்வூதியம் இல்லை. நெடுநாள் பணி செய்த தம்பிக்கு உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இரு பாட்டிமார்களில் ஒருத்தி மாதந்தோறும் குடும்ப ஓய்வூதியம் பெற்றாள், மற்றவள் பெறவில்லை. அவ்வேறுபாட்டை அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓய்வூதியம் வந்த நாளன்று சின்னப் பாட்டி இரண்டு கவுளி வெற்றிலை வாங்குவாள் என்பது மட்டும் எங்களுக்கு நினைவிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாத முதியோர்க்கும் அவர்களுடைய கைம்பெண்டிர்க்கும் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநில அரசுகள் மாத உதவித்தொகை வழங்கின. எங்கள் பாட்டிக்கும் அது கிட்டியிருத்தல் கூடும். ஆனால் பாட்டனாரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. எண்ணும் தெரியாது, படைப்பிரிவும் தெரியாது. காட்ட ஒரு தாளும் இல்லாதவள் எவ்வாறு விண்ணப்பிப்பாள்? பதிவு என்பது இறந்தோரின் பெருமைக்காக மட்டும் அன்று. இருப்போரின் சோற்றுக்காகவும் ஆகும் என்பதை நாங்கள் காலங்கடந்தே உணர்ந்தோம்.

அவள் மறைந்த பின்னர், விளக்கு மாடத்தில் திரி நூலோடு கிடந்த ஒரு பதக்கத்தை எங்கள் தமக்கையார் கண்டெடுத்தார். புளியிட்டுத் தேய்க்கப் போனவர், விளிம்பில் எழுத்திருப்பதைக் கண்டு நிறுத்தினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் ஆகிய நான்கும் அவ்விளிம்பில் சுற்றியிருந்தன. நாங்கள் பல ஆண்டுகளாகத் தேடிய எண், அவள் அன்றாடம் விளக்கேற்றிய இடத்திலேயே இருந்திருக்கிறது.

அவ்வெண்ணைக் குறித்து உரிய பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம். விடை வந்தது. ஓய்வூதியம் பெறாமல் விலகியோரின் பணித்தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுதல் படைத்துறை விதி. அவ்விதிப்படி பாட்டனாரின் தாள்கள் என்றோ அழிக்கப்பட்டிருந்தன. ‘லாங் ரோல்’ எனப்படும் நெடும்பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எஞ்சியிருந்தது. சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம்: அவ்வளவே. ஒரு மனிதனின் நான்காண்டுப் போர் வாழ்க்கை ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

சின்னத் தாத்தாவின் பதிவோ வேறு விதமாக இருந்தது. அவர் ஓய்வூதியம் பெற்றார். அவருக்குப்பின் சின்னப் பாட்டி பெற்றாள். தருவதற்குக் கடன் இருந்தவரை அரசு அவரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் சின்னப் பாட்டி உயிர்வாழ் சான்றில் பெருவிரல் பதித்ததெல்லாம், தன் கணவரின் பெயர் அழியாமல் காத்ததற்கு ஒப்பாகும். அவள் மறைந்தபின் வாரிசுகள் என்ற முறையில் நாங்கள் கேட்டபோது பணித்தாளின் நகல் கிடைத்தது. உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம், இடப்புருவத்தின்மேல் தழும்பு, கல்வி ஐந்தாம் வகுப்பு. தழும்பு என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் அத்தை சிரித்தார். எருது விடும் விழாவில் மாடு தள்ளிய தழும்பு அது என்றார். தாள் தழும்பைச் சொல்லிற்று. அது வந்த வகையை அத்தை சொன்னார். இரண்டும் சேர்ந்தபோதுதான் மனிதர் எழுந்து நின்றார்.

அத்தாளில் மற்றுமொரு செய்தி இருந்தது. 1948-இல் சேரும்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தாயின் பெயரை எழுதியிருந்தார்கள். அவள் எங்கள் கொள்ளுப்பாட்டி. பிறந்த ஊரை வைத்துக் ‘கண்ணமங்கலத்தாள்’ என்றே ஊரார் அவளை அழைத்தனர். வீட்டிலோ ‘ஆயா’ என்றனர். பெரியவர்களின் பெயரைச் சொல்லலாகாது என்ற மரபினால் அவளது இயற்பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமற் போயிருந்தது. பட்டாளத்து எழுத்தர் ஒருவர் எழுதி வைத்ததால் அப்பெயர் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எங்கள் இல்லத்தில் இறுதியாகப் பிறந்த பெண் குழந்தைக்கு அப்பெயரையே இட்டுள்ளோம். இன்று இவ்வவையின் முன்வரிசையில் பாயசக் கிண்ணத்தோடு அமர்ந்திருப்பவள் அவளே.

அன்பர்களே! உங்கள் இல்லங்களிலும் இவ்வாறு காத்திருக்கும் பெயர்கள் உண்டு. அவற்றைத் தேடும் முறையை இனிச் சுருங்கக் கூறுகிறோம்.

முதற் பதிவகம் உங்கள் வீட்டுப் பெட்டியே. ஊருக்குச் செல்லும்போது பரண்மேல் உள்ள டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதியக் கொடுப்பாணை, வங்கிப் புத்தகம், பதக்கம், சீருடையில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கிடைத்தால் போதும். படைவீரர் ஒருவரைக் கண்டறியப் பெயரைவிட எண்ணே சிறந்தது. ஒரே பெயருடையார் ஆயிரவர் இருப்பர்; படைப்பிரிவும் எண்ணும் சேர்ந்து பொருந்துபவர் ஒருவரே. பதக்கங்களை எடைக்குப் போடாதீர்கள். முதல் உலகப்போர்ப் பதக்கம் வெள்ளியாதலின் தட்டார் உலைக்குச் சென்று கொலுசாக மாறியவையும் உண்டு.

அடுத்து, எழுத்தைப் படிக்கும் முறை. எழுத்தர்கள் தம் செவியில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதினர். முத்துசாமி என்னும் ஒரு பெயரையே நான்கைந்து விதமாகக் காணலாம். தந்தையின் பெயர் மகன் பெயராகவும், ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகவும் இடம் மாறி நிற்கும். பிறந்த நாள் பெரும்பாலும் மதிப்பீடு. சேர்வதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. ஊரைத் தேடும்போது பழைய மாவட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். வட ஆர்க்காடு 1989-இல் பிரிந்தது; அதிலிருந்து உருவான வேலூர் 2019-இல் மீண்டும் பிரிந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தோன்றின. சேலத்திலிருந்து தருமபுரி 1965-இலும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இலும் பிரிந்தன. தாளில் ‘சேலம்’ என்றிருப்பதால் ஊர் இன்றைய சேலத்தில்தான் இருக்கும் என்று கொள்ளலாகாது.

பிறகு அலுவலகங்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் பதிவு அலுவலகம் ஒன்று உண்டு. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டனும், மதராஸ் சாப்பர் படைக்குப் பெங்களூரும் தலைமை இடங்கள். தரைப்படைச் சிப்பாய்களின் ஓய்வூதிய ஆணைகள், அவர் எந்த மாநிலத்தவராயினும், அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து வழங்கப்பட்டன. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. அங்கே பதிந்துகொண்ட முன்னாள் வீரர்களின் விவரம் இருக்கும். வாரிசு என்பதற்கான சான்றோடு பணிவாக எழுதுங்கள். இறந்தவரின் பெயர், எண், படைப்பிரிவு, ஊர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை குறிப்பிடுங்கள். ‘எல்லா விவரமும் தருக’ என்று கேட்பதைவிட ‘நெடும்பதிவேட்டில் உள்ள பதிவின் நகல் தருக’ என்று கேட்பது பயன் தரும். மாண்டவராயின் தேடல் எளிது. 1914 முதல் 1921 வரையிலும், 1939 முதல் 1947 வரையிலும் பணியில் இறந்தோரைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பட்டியலிட்டுள்ளது. கணினியில் எவரும் காணலாம். இரண்டாம் போரில் இறந்தோர் பலரின் பெயருக்கு எதிரே தந்தை பெயரும் மனைவி பெயரும் ஊரும்கூட உள்ளன. ஆயின் அங்கும் குறை உண்டு. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேயர்க்குப் பெயரும், இந்தியச் சாதாரண வீரர்களுக்கு எண்ணிக்கையுமே பொறிக்கப்பட்டன. முதல் உலகப்போரில் இறந்தோருள், பெரும்பாலும் கிழக்காப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று அவ்வாணையத்தின் குழுவே 2021-இல் ஒப்புக்கொண்டது.

நேதாஜியின் இந்திய தேசியப் படையில் மலேயாத் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அவர்தம் வழியினர் நம் குடியிருப்புகளிலும் இருக்கக்கூடும். அப்படையைப் பற்றிய 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அளித்தது. அக்காப்பகம் இதே தில்லியில் ஜன்பத் சாலையில் உள்ளது. 1972-இல் தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோர் சிறைச் சான்றும் உடன் சிறையிருந்தோரின் சான்றும் இணைத்தனர். அவ்விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருக்குமாயின் அது ஒரு சிறு வரலாற்று நூலே ஆகும்.

பஞ்சாப் நமக்கு ஒரு வழி காட்டியுள்ளது. முதல் உலகப்போர் முடிந்தபின் 1919-இல் அம்மாகாணத்தில் ஊர்வாரியாக வீரர்களின் பெயர்களைத் தொகுத்துப் பதிவேடுகள் எழுதினர். லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டு உறங்கிய அவை, 2021-இல் கணினியில் ஏற்றப்படத் தொடங்கின. ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரம் அவற்றில் உண்டு. நம்முடைய ஊர்களிலோ, இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று கூறும் சிறு பளிங்குக் கற்கள் சாவடியிலும் பள்ளிச் சுவரிலும் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. பெயரை எழுத வேண்டியவர் நாமே.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகிறோம். அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்களை இதற்கென ஒதுக்குங்கள். நம் உறுப்பினர் குடும்பங்களில் பட்டாளத்தில் பணியாற்றியவர் எவராயினும், ஹவில்தாரோ, சமையற்காரரோ, கழுதை ஓட்டியவரோ, அவர் பெயர், ஊர், படைப்பிரிவு, பணியாண்டு ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். பதவியால் வரிசைப்படுத்தாமல் ஊரால் வரிசைப்படுத்துங்கள். ஓய்வூதியம் பெற்றவரும் பெறாதவரும் அப்பட்டியலில் அருகருகே நிற்கட்டும்.

இளைஞர்களே! இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தாத்தாவின் எண் என்ன? தாத்தாவின் தாய்க்குப் பெயர் என்ன? முதற் கேள்விக்கு அவர் விடை கூறாவிடினும் பெட்டி கூறும். இரண்டாம் கேள்விக்கு அவரே விடை கூறக்கூடும். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். எங்கள் பாட்டி இருந்த நாளில் நாங்கள் கேட்கவில்லை.